எங்கள் வீடு விற்காமல் கிடந்த காரணங்கள்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த வருடம் எங்கள் வீடு ஏழு மாதம் விற்காமல் கிடந்தது. காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு வீடு விற்பது பெரிய காரியமே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆட்டோ வாசல்வரைக்கும் வரும். பின்கட்டுக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் இருக்கும். பத்திரத்தில் ஒரு வில்லங்கமும் கிடையாது. எதிர்வரிசையில் எங்களுடையதைவிடச் சின்ன வீடு ஒன்று, விற்பனைக்கு என்று பலகை மாட்டுவதற்கு முன்பே கைமாறிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள், தலையாட்டினார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

அப்பா இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மாவுக்கும் அதே கம்பெனிதான். இருவரும் பழகியதே கம்பெனி பஸ்ஸில்தான் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டை அவர் அதற்கு முன்பே அம்மா பெயருக்கு எழுதி வைத்திருந்தார். ஏன் அத்தனை அவசரமாக எழுதி வைத்தார் என்று நான் யோசித்ததில்லை.

அம்மா காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர ஏழாகிவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு நாலேகாலுக்கு வந்து, பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். நாலேகாலிலிருந்து ஏழு மணிவரை அந்த வீட்டில் நான் மட்டும்தான். தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள், என்னையும் சேர்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் விளையாட்டின் நடுவில் யாராவது ஒருவருடைய வீட்டுக்குள் எல்லோரும் கூட்டமாக ஓடும்போது நான் வாசற்படியில் நின்றுவிடுவேன். ஏன் நின்றேன் என்றால், அந்த வீட்டு அம்மாக்கள் எனக்கானதை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். நவராத்திரிச் சுண்டல்கூட அப்படித்தான் வரும். உள்ளே போகும் வேலை எனக்கு மிச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் சுவர் ஒன்றே. அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். பலகை அடிக்கும் ஒவ்வோர் அடியும் முதுகில் லேசாக அதிரும். டீ குடிக்க அவர்கள் எழுந்துபோனால் சத்தம் நின்றுவிடும். அப்போது வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருக்கும். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தறி மறுபடி ஓடும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருமுறை எழுநூறுவரை போயிருக்கிறது.

ஒரகடம் பக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிவிட்டால், அம்மா ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடலாம். "இந்த வூடு வித்துதுன்னா போதும்டி. அஞ்சரைக்கு உன்கூட இருப்பேன்" என்று அம்மா சொன்னாள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக, அந்த வீடு விற்க வேண்டும் என்று அம்மாவைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

புரோக்கரைப் பிடித்துக் கொடுத்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அடுத்த தெருவில்தான் இருந்தார். அப்பா போன பிறகு மாதம் ஒருமுறையாவது வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவார். அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டால், "இருக்கட்டும்மா, இப்டியே கெளம்புறேன்" என்பார். அவருக்கு மூட்டுவலி இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமம் என்பதால்தான் உட்காரவில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். சில சமயம் எனக்கு மிட்டாய் வாங்கி வருவார். நல்ல மனிதர் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படியே நினைக்கப் பார்க்கிறேன்.

புரோக்கர் வெள்ளை ஸ்கூட்டரில் வருவார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு போன் இருக்கும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே லீவு என்பதால் அன்றுதான் ஆட்களை அழைத்து வருவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அன்றைக்கென்று அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவர்கள் போனதும் புரோக்கர் வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னாம்மா நீங்க, ஆள் வர்ற அன்னிக்கா கருவாடு? அடுத்த வாரம் சாம்பார் வெய்ங்க. கொடில ஒரு துணி தொங்கக்கூடாது. எல்லா லைட்டும் எரியணும். தரைய பினாயில் போட்டுத் தொடச்சிடுங்க."

இவை எல்லாவற்றையும் நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணிக்கே எழுந்து கொடியைக் காலி செய்தேன். வாசலில் கிடந்த செருப்புகளை ஒளித்து வைத்தேன். குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்த அதன் வாயில் ஒரு துணியைக் கட்டினேன். வந்தவர் சரியாக அந்தத் துணியைத்தான் அவிழ்த்துப் பார்த்தார்.

அவரிடம் அம்மா வேறொரு தவறும் செய்தாள். கூடத்தில் ஒரு காலத்தில் தாத்தாவின் தறிக்குழி இருந்தது. அதை மூடி மேலே சிமெண்ட் பூசிய இடம் மட்டும் வேறு நிறத்தில், ஒரு பாய் விரித்த மாதிரி தெரியும். "இங்க என்னாது?" என்று அவர் கேட்டார். மூடிய குழி என்று சொல்லிவிட்டு அம்மா நிறுத்தியிருக்கலாம். "ஐப்பசி மழையில அங்க கொஞ்சம் ஈரம் காட்டும் சார். ஒரு வாரத்துல காஞ்சிடும்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் புரோக்கர் அதற்குப் பிறகு. "கேக்காதத எதுக்கு நீங்களே எடுத்துக் குடுக்கறீங்க?"

"அப்புறம் மழைல வந்து கேப்பாங்களேண்ணா" என்றாள் அம்மா.

விலை அதிகம் என்றார்கள், அம்மா குறைத்தாள். சுவரில் நிறம் மங்கிவிட்டது என்றார்கள், ஒரு ஞாயிறு முழுக்க நானும் அம்மாவும் சுண்ணாம்பு அடித்தோம். ஆட்கள் வருவதும் போவதும் நிற்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதியிடம், எங்கள் அம்மாவுக்கு வீடு விற்கவே தெரியவில்லை என்று புகார் சொன்னேன்.

ஆறாவது மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் வளையல் குலுங்க வீடு முழுக்க நடந்தார். சமையலறை மேடையைச் சாண் போட்டு அளந்தார். கிணற்றில் எட்டிப் பார்த்து, "தண்ணி தெரியுது பாருங்க" என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டினார். மாடிக்கு ஏறி கோபுரம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த முறை முடிந்துவிடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. புரோக்கரும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

அம்மா அவர்களை உட்காரச் சொல்லிக் காபி கொண்டுவந்தாள். அப்பா இருந்தபோது விருந்தாளிக்கென்று எடுக்கும் எவர்சில்வர் டம்ளர்களை அலமாரியிலிருந்து இறக்கியிருந்தாள். அந்த அம்மா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கூடத்து மாடத்தைப் பார்த்தார். அங்கே அப்பாவின் முருகன் படமும் அம்மாவின் இயேசு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்பா ஒரே ஊதுபத்தியை இரண்டுக்கும் காட்டுவார். அவருக்குப் பிறகு அம்மாவும் அப்படியே செய்துவந்தாள்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

அம்மா வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊரின் பெயரைச் சொன்னாள்.

"ஊருக்குள்ளயா? இல்ல..."

"காலனிம்மா" என்றாள் அம்மா.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தெரு எது என்று கேட்டால் தெருவின் பெயரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் கணக்கு டீச்சர் ஆசிரியர் காலனியில் இருந்தார். வீட்டுக்கு முன்னால் செம்பருத்திச் செடியெல்லாம் வைத்திருப்பார். காலனி என்றால் நல்ல விலாசம் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "சூடா இருக்குது" என்றார். அது ஆறும்வரை அவர் இருக்கவில்லை. கணவர் தன் டம்ளரைக் கையிலேயே எடுக்கவில்லை. "கலந்துக்கினு சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள்.

அம்மா இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய் ஒன்றை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். சர்க்கரை குறைவாக இருந்தது போலத் தோன்றியது. "மா, இனிமே காபி போடாதம்மா. உனக்குக் காபி சரியா வரல" என்றேன். அம்மா இன்னொரு டம்ளரிலிருந்த காபியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அது போன பிறகும் குழாயைத் திறந்தே விட்டிருந்தாள்.

அதற்குள் பெரியப்பா வந்திருந்தார். அவரும் புரோக்கரும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு புரோக்கர் மட்டும் உள்ளே வந்தார். ஸ்கூட்டர் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்கக்கூடாதும்மா."

"சொல்லுங்கண்ணா."

"வூட்ல ஒரு கொறையும் இல்ல. வர்றவங்க அத்தன பேருக்கும் வூடு புடிக்குது. ஆனா பாருங்க..."

சாவி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் இல்லாம இருந்தா வித்துடும். அதானேண்ணா?"

"உங்கள சொல்லலம்மா. பொதுவா சொல்றேன். ஓனர் பக்கத்துல இருந்தாவே..."

"புரியுதுண்ணா. அடுத்த வாரம் நான் இல்ல. அவங்க பெரிப்பாவே காட்டட்டும்."

அம்மா அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கருவாட்டுக்குக்கூட அவள் இரண்டு வாரம் வாதாடியிருந்தாள். விஷயம் பிடிபடாமல் நான் ஸ்கூட்டர்வரை போய் புரோக்கரிடம் கேட்டேன். அவர் சாவியை வண்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓனர் கூடவே சுத்திக்கினு இருந்தா வாங்கறவங்க மனசு விட்டுப் பேசமாட்டாங்க பாப்பா. செவுத்த தட்டிப் பாக்க மாட்டாங்க, கதவ தெறந்து பாக்க கூச்சப்படுவாங்க. மெட்ராஸ்லகூட இதான் ரூலு."

அது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. கடைக்காரர் முறைத்துக்கொண்டே நின்றால் நாம் துணியைப் பிரித்துப் பார்ப்போமா? இத்தனை நாளாக இந்தச் சின்ன விஷயம் நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டை ஒழித்தோம். அம்மா இயேசு படத்தை எடுத்துத் துண்டில் சுற்றினாள். ஓனர் இருக்கிற அடையாளமே தெரியக்கூடாது என்பதுதான் விஷயம் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். அதனால் மும்முரமாக வேலை பார்த்தேன். அம்மாவின் நைட்டி, கம்பெனி அடையாள அட்டை, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு, சீப்பு, குதிகால் தேய்ந்த செருப்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பை நிறைந்துவிட்டது. கடைசியாக, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினேன்.

"இதுவுமாடி?" என்றாள் அம்மா.

"அதுல நீ இருக்கியேம்மா."

அம்மா போட்டோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆமா, இருக்கறேன்" என்று சொல்லி அதையும் பைக்குள் வைத்தாள். அப்பாவின் மாலை போட்ட படத்தை மட்டும் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அம்மா பையோடு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகவும், எல்லாம் முடிந்ததும் வரச் சொன்னால் போதும் என்றும் சொன்னாள். "தனியா இருப்பியா? பெரிப்பா இப்ப வந்துடுவாரு."

"இருப்பேன். நீ சீக்கிரமா வந்துடாதம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். தெருமுனைவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பை கனமாக இருந்ததால் இரண்டு இடத்தில் கை மாற்றிக்கொண்டாள்.

பெரியப்பா வந்தார். வழக்கம்போல வாசலில் நிற்பார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கு மூட்டுவலி இல்லை போலிருந்தது. கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் குழில ஒக்காந்துதான்டி நாங்க எல்லாம் நெய்யக் கத்துக்கினோம்" என்றார். அவர் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், முழுச் செம்பையும் குடித்தார்.

வந்தவர்கள் திருப்புட்குழிக்காரர்கள். அந்த ஆள் நெசவு செய்பவர். இரண்டு தறி போட டவுனுக்குள் இடம் தேடிக்கொண்டிருந்தார். மூடிய குழியைப் பார்த்ததும் மற்றவர்களைப் போல முகம் சுளிக்காமல், "இது நமக்கு நல்லதாப் போச்சு. தோண்டிட்டாப் போதும்" என்றார். அவர்களோடு என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு நான் மாடியைக் காட்டினேன். மாடிப்படியில் நாங்கள் இருவரும் தடதடவென்று ஏறி இறங்கினோம். எங்கள் வீட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கீழே வந்து அவள் என் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பிறகுதான், அவள் இருப்பாள், நான்தான் இருக்கமாட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

அவளுடைய அம்மா சிரித்த முகம். சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தவர், அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு என்னிடம் குனிந்து கேட்டார்.

"அம்மா எங்கம்மா?"

பெரியப்பா சட்டென்று என்னைப் பார்த்தார். புரோக்கர் போனைப் பார்த்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி எனக்கு ஞாபகம் இருந்தது.

"அம்மா இல்ல" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. அப்பாவின் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "ஐயோ, ரெண்டு பேருமா?" என்று என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். அவர் புடவையில் கஞ்சி வாசமும் மல்லிகைப்பூ வாசமும் அடித்தன. அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தவிர வேறு யாரும் என்னை அப்படி அணைத்ததில்லை. சரி செய்ய வாய் திறந்திருக்கலாம். ஆனால் பெரியப்பா முந்திக்கொண்டார்.

"நாங்கதான் பாத்துக்கறோம்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு மணி நேரத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வேலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரமாக எந்த பஸ்ஸிலும் ஏறாமல் அங்கேயே இருந்திருக்கிறாள். "வித்துடுச்சும்மா!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா உள்ளே வந்து உட்கார்ந்ததை, குழியைப் பற்றிச் சொன்னதை, தண்ணீர் வாங்கிக் குடித்ததை.

"குடிச்சாரா?" என்றாள் அம்மா.

"ஒரு செம்பு முழுக்க."

"நம்ம செம்புலயா?"

"வேற எதுல குடிப்பாரு?" என்றேன். பிறகு, வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வேடிக்கையைச் சொன்னேன். "அந்தம்மா நீ எங்கன்னு கேட்டாங்களா, நான் அம்மா இல்லன்னேனா, நீ செத்துட்டன்னு நெனச்சிக்கினாங்கம்மா!"

சொல்லிவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். என் முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை.

"அவங்க போயிட்டாங்கம்மா. இப்ப நீ வரலாம்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போலாம்டி" என்றாள் அம்மா. நாங்கள் வேலூர் பஸ்கள் இரண்டு போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

பத்திரப்பதிவு அன்று எல்லாச் சாமான்களையும் காலையிலேயே குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். பதிவு ஆபீசில் அம்மா கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆண்கள் மட்டும் வந்தால் போதும் என்று புரோக்கர் வாங்குகிறவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் வீட்டை மனைவி பெயரில் வாங்குவதால் அந்த அம்மாவும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு கிட்டே வந்தவர், நான் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு கைக்கு உரியவளைப் பார்த்தார்.

"நீங்க?"

"இவ அம்மா" என்றாள் அம்மா.

வீடு போச்சு, என்னால்தான் போச்சு என்று நினைத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார்.

"அம்மா இல்லன்னு சொன்னியே கண்ணு?"

"அன்னிக்கு வெளியூர் போயிருந்தேம்மா" என்றாள் அம்மா அவசரமாக. "கொழந்த சரியா சொல்லத் தெரியாம சொல்லிட்டா."

அந்த அம்மா என் அம்மாவை மேலும் கீழும் பார்க்கவில்லை. ஊர் எது என்றும் கேட்கவில்லை. பெரியப்பாவிடம் திரும்பி, சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "கொழந்த தெரியாம சொல்லிச்சு. பெரியவங்க நீங்களும் கூடவே நின்னுக்கினு இருந்தீங்களே. உசுரோட இருக்கறவங்கள இல்லன்னு சொன்னா யாருக்கு நல்லது?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள், ரேகை வைத்தாள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அந்த அம்மா எங்கள் பின்னால் வந்து அம்மாவின் மை படிந்த கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப வேணாலும் வூட்டுக்கு வாங்க. வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்றார். வீடு விற்றபோது அழாத அம்மா, அப்பா படத்தை இறக்கியபோதும் அழாத அம்மா, அதற்குப் போய் அழுதாள். "வர்றேம்மா" என்றாள். நாங்கள் போகவில்லை. கூப்பிட்டது பொய்யாக இருந்திருக்காது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

ஒரகடம் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டியதும், பதிவு ஆபீசிலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பொய் சொன்னவள் போலப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

"நான் பொய் சொல்லலையேம்மா? நீ அங்க இல்லதானே?"

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் திரும்பினாள்.

"நீ பொய் சொல்லலடி" என்றாள். "நான் அங்க இல்லதான்."

அம்மாவே சொல்லிவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. பாரம் இறங்கினவளாக அவள் தோளில் சாய்ந்துகொண்டு, இனிமேல் ஐந்தரை மணிக்கெல்லாம் அம்மா வந்துவிடுவாள் என்று நினைத்தபடி, வாலாஜாபாத் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.